கழற்றலும் பூட்டலும்



ஒரு சிறு கேள்வியோடு என் பேச்சைத் தொடங்குகிறேன். உங்களுள் பலர் இளமையில் ஒரு கடிகாரத்தையோ, மிதிவண்டி மணியையோ, கைவிளக்கையோ கழற்றிப் பார்த்திருப்பீர்கள். கழற்றும்பொழுது எவ்வளவு ஊக்கம்! எவ்வளவு வேகம்! மீண்டும் பூட்டியபொழுது நிகழ்ந்தது என்ன? பொருள் பழைய வடிவத்திற்கு வந்தது. ஆனால் உள்ளங்கையில் ஒரு சிறு திருகாணி மிஞ்சியது. அதை எங்கிருந்து எடுத்தோம் என்பது நினைவில் இல்லை. யாரும் பார்ப்பதற்குள் அதனை மேசை இழுப்பறையில் போட்டு மூடிவிட்டோம். நான் அவ்வாறு செய்தவன். அந்தச் சிறு திருகாணியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

நான் வாழ்வது ஓசூர்ப் பகுதியில். இராஜாஜி பிறந்த தொரப்பள்ளி இவ்வூருக்கு அருகில் உள்ளது. சந்திரசூடேசுவரர் மலையடியில் அமைந்த சிறிய ஊராக இருந்த ஓசூர், 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தபின் வேறு உருவம் பெற்றது. 1980-ஆம் ஆண்டில் அசோக் லேலண்டு லாரித் தொழிற்சாலையும் டி.வி.எஸ். மொபெட் தொழிற்சாலையும் இங்கு இயங்கத் தொடங்கின. அதே பத்தாண்டுகளில் டைட்டன் கடிகாரத் தொழிற்சாலையும் வந்தது. 2004-ஆம் ஆண்டு தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. இன்று அம்மாவட்டத்தில் எஞ்சினே இல்லாத மின்சார ஸ்கூட்டர்களும் உருவாகின்றன.

பெரிய தொழிற்சாலைகளைப் பற்றி நூல்களும் செய்தித்தாள்களும் பேசும். பெங்களூரிலிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையின் இரு மருங்கிலும் தகரக் கூரையின் கீழ் நடக்கும் பட்டறைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அங்கே லாரிகளுக்கும் வேன்களுக்கும் எஞ்சின் மாற்றுகிறார்கள். பழைய எஞ்சின் தேய்ந்து, எண்ணெய் குடித்து, கரும்புகை கக்கத் தொடங்கியதும், அதனைத் தூக்கி எடுத்துவிட்டுப் புதுப்பித்த வேறோர் எஞ்சினை அவ்விடத்தில் அமர்த்துகிறார்கள். மூன்று கால் நட்டு, சங்கிலிக் கப்பி மாட்டி, எஞ்சினைத் தூக்கும் காட்சி பார்ப்பதற்கு வியப்பாக இருக்கும். ஆனால் அப்பணியின் அருமை தூக்குவதில் இல்லை.

எஞ்சின் வண்டியிலிருந்து தனியே நிற்கும் ஒரு பெட்டி அன்று. அது நாற்புறமும் வண்டியோடு பிணைக்கப்பட்டது. அப்பிணைப்புகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். குளிர்நீர் செல்ல ரேடியேட்டருக்கு மேலொரு ரப்பர்க் குழாய், கீழொரு ரப்பர்க் குழாய். டீசல் வருவதற்கு ஒரு குழாய். எஞ்சியது தொட்டிக்குத் திரும்ப மற்றொரு குழாய். காற்று புகும் வழி ஒன்று. புகை போகும் வழி ஒன்று. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கம்பி. கிளச்சை இயக்கும் கம்பி. எஞ்சினை நிறுத்தும் கம்பி. பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்கு வரும் தடித்த ஒயர், சாவியிலிருந்து வரும் மெல்லிய ஒயர், மின்னாக்கியின் ஒயர்கள், எண்ணெய் அழுத்தத்தையும் நீரின் வெப்பத்தையும் ஓட்டுநருக்கு அறிவிக்கும் ஒயர்கள். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மெத்தைகளின் போல்ட்டுகள்; கியர் பெட்டியோடு சேர்க்கும் போல்ட்டுகள். இத்தனையும் கழற்றப்பட்ட பின்னரே எஞ்சின் மேலே எழும். இத்தனையும் தத்தம் இடத்தில் சேர்ந்த பின்னரே வண்டி நகரலாம். பழைய வண்டிக்கே இவ்வளவு. இக்கால வண்டியில் உணர்கருவிகளும் அவற்றின் ஒயர்களும் சேர்ந்து இக்கணக்கைப் பன்மடங்காக்கும்.

இவற்றுள் ஒன்று மறந்துபோனால் என்ன நேரும்? இதற்கு விடை நான் நூலில் கற்றதன்று. ஆகவே என் வாழ்வில் நிகழ்ந்ததொன்றைக் கூறுகிறேன். அதில் எனக்குப் பெருமை தரும் செய்தி ஏதுமில்லை.

1990களின் முற்பகுதி. நான் அப்பொழுது ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியன். பள்ளிக்குப் பழைய டீசல் வேன் ஒன்று இருந்தது. அதன் எஞ்சின் பழுதுற்றதால், வேறோர் எஞ்சினை வாங்கி ஒரு பட்டறையில் மாற்றக் கொடுத்திருந்தோம். பொறுப்பு என்னுடையது. வரும் வெள்ளிக்கிழமை கிருஷ்ணகிரியில் அறிவியல் கண்காட்சி. என் மாணவர் பதினொருவர் அதில் கலந்துகொள்ள வேண்டும். வேலையைத் தொடங்கிய மெக்கானிக், பழைய எஞ்சினை இறக்கிய அன்றிரவே, தாயார் காலமான செய்தி கேட்டு எல்லைக்கு அப்பாலிருந்த தம் ஊருக்குச் சென்றுவிட்டார். எதை எங்கிருந்து கழற்றினார் என்பது அவர் மனத்தில் மட்டுமே இருந்தது. எஞ்சியிருந்தவை ஒரு மண்ணெண்ணெய்த் தகரமும் அதில் ஊறிக் கிடந்த போல்ட்டுகளுமே.

பட்டறை உரிமையாளர், “அவர் திரும்பி வர நான்கு நாள் ஆகும், சார். அதுவரை பொறுத்தால் நல்லது” என்றார். நான் பொறுக்கவில்லை. “வெள்ளிக்கிழமை காலை வண்டி வேண்டும், வேறு ஆளை வைத்தாவது முடித்துக் கொடுங்கள்” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். வேறொருவர் வந்தார். கெட்டிக்காரர்தாம், இரவெல்லாம் விழித்து முடித்தார். வியாழன் மாலை நான் சென்றபொழுது எஞ்சின் இனிமையாக ஓடிக்கொண்டிருந்தது. தகரத்தின் அடியில் சில போல்ட்டுகளும் ஏதோ ஒரு பின்னல் பட்டையும் கிடந்தன. “இவை என்ன?” என்று கேட்டேன். “பழைய எஞ்சினுடையவையாக இருக்கும், சார்” என்றார். இருக்கும் என்றுதான் சொன்னார். ஆம் என்று சொல்லவில்லை. அந்த வேறுபாட்டை அறிந்திருந்தும், அறிவியல் ஆசிரியனாகிய நான், வண்டியை எடுத்துச் செல்லச் சொன்னேன்.

மறுநாள் காலை புறப்பட்டோம். சூளகிரியில் தேநீருக்கு நின்றோம். மீண்டும் கிளம்பும்பொழுது ஸ்டார்ட்டர் மந்தமாகச் சுழன்றது. ஓட்டுநர் ஐந்தாறு முறை சாவியைத் திருப்பிய பின்னரே எஞ்சின் பற்றியது. ரப்பர் கருகும் நாற்றம் சிறிது வந்தது. புதிய எஞ்சினின் வாடை என்று எண்ணினோம். மேலுமலையின் இறக்கத்தில் வண்டி இறங்கத் தொடங்கியதும் ஓட்டுநர் வேகமிதியிலிருந்து காலை எடுத்தார். எஞ்சினின் வேகம் குறையவில்லை. மிதி கீழேயே நின்றுவிட்டது. இன்றுள்ள அகன்ற சாலை அன்று இல்லை. எதிரே லாரிகள் ஏறி வந்துகொண்டிருந்தன. பின்னால் பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஓட்டுநரின் நிதானத்தை நான் இன்றும் கைகூப்பி நினைக்கிறேன். அவர் கிளச்சை மிதிக்கவில்லை, கியரை விடவில்லை. எஞ்சினை நிறுத்தும் குமிழை மட்டும் இழுத்தார். டீசல் நின்றது. சக்கரங்களின் ஓட்டத்தையே தடுக்கும் தடையாக எஞ்சின் மாறியது. பிரேக்கையும் அளவறிந்து மிதித்து வண்டியை ஓரத்தில் நிறுத்தினார். பிள்ளைகள் பாட்டை நிறுத்தவே இல்லை. நடந்தது என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இறங்கிச் சாலையோரக் கல்லின்மேல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

காரணம் யாது? தகரத்தில் கிடந்த அந்தப் பின்னல் பட்டைதான். செப்புக் கம்பிகளால் பின்னிய அப்பட்டை எஞ்சினையும் வண்டியின் சட்டத்தையும் மின்வழியால் இணைப்பது. பேட்டரியின் எதிர்முனை சட்டத்தோடு சேர்க்கப்பட்டிருக்கும். எஞ்சினோ ரப்பர் மெத்தைகளின்மேல் அமர்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே ஸ்டார்ட்டருக்குச் செல்லும் மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்பி வர அப்பட்டை ஒன்றே தக்க வழி. டீசல் எஞ்சினைச் சுழற்ற ஸ்டார்ட்டர் சில நூறு ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். உரிய வழி இல்லாதபொழுது மின்சாரம் கிடைத்த வழியில் போகும். அன்று அது வேகமிதியிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் மெல்லிய கம்பியின் வழியாகப் போயிற்று. கம்பி சூடேறியது, அதன் உறை உருகியது, கம்பி உறையோடு ஒட்டிக்கொண்டது. இயற்பியல் வகுப்பில் மின்தடையும் வெப்பமும் என்று நான் கரும்பலகையில் எழுதிக் கற்பித்த பாடமே மேலுமலையில் எனக்குத் திரும்பக் கற்பிக்கப்பட்டது.

இதில் யாரைக் குறை கூறுவது? முதல் மெக்கானிக் தம் தாயாருக்குச் செய்யவேண்டிய கடனைச் செய்யச் சென்றார். இரண்டாமவர் தாம் கழற்றாததைத் தாம் பூட்ட நேர்ந்தவர். அவசரப்படுத்தியவன் நான். நான்கு நாள் பொறுத்திருந்தால், அன்றேல் கழற்றியவர் தாம் கண்டதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால், அவ்விடர் நேர்ந்திராது.

சில ஆண்டுகளுக்குப் பின் என் பழைய மாணவர் ஒருவர் ஓசூருக்கு அருகில் சொந்தமாகப் பட்டறை வைத்தார். ஓய்வு பெற்றபின் நான் மாலை வேளைகளில் அங்குச் சென்று அமர்வதுண்டு. எஞ்சின் மாற்றும் வேலையை அவர் எவ்வாறு ஒழுங்கு செய்கிறார் என்பதைக் கூறுகிறேன். பயிற்சி பெற்ற ஆசிரியனாகிய நான் பாடத்திட்டம் வகுப்பதற்கு எவ்வளவு கவனம் செலுத்தினேனோ அதற்குக் குறையாத கவனம் அதில் இருந்தது.

முதலாவது, ஸ்பானரைத் தொடுமுன் அவர் பார்ப்பார். வண்டியின் முன்மூடியைத் திறந்து, நான்கு பக்கமிருந்தும் கைப்பேசியில் படம் எடுப்பார். பின்னர்ப் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுவார். படம் எடுத்துவிட்டோமே என்று அதனோடு நின்றுவிடுவதில்லை. “படம் கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் காட்டும், ஐயா, குழாயின் பின்னால் ஒளிந்திருக்கும் கவ்வியைக் காட்டாது” என்பார்.

இரண்டாவது, ஒவ்வோர் இணைப்புக்கும் ஓர் எண். அந்த எண் இரு பக்கமும். இதனை நன்கு கவனியுங்கள். ஓர் இணைப்பில் இரு முனைகள் உண்டு. வண்டியோடு நின்றுவிடும் முனை ஒன்று. எஞ்சினோடு போகும் முனை மற்றொன்று. ஒரு முனையில் மட்டும் குறி இட்டால் அது விடையில்லாத வினாவாக நிற்கும். நம் தச்சர்கள் இதனை நெடுங்காலமாக அறிவார்கள். நிலைச் சட்டத்தைச் சேர்க்குமுன், பொருந்தும் இரு கட்டைகளிலும் ஒரே வகைக் கீறலை உளியால் இடுவார்கள். ஒரு கீறல் ஒரு கீறலோடு. இரு கீறல் இரு கீறலோடு.

அந்த எண்ணை எம்மொழியில் எழுதுவது? இது எல்லைப்புறத்துக்கே உரிய வினா. ஓசூர்ப் பகுதியில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும். இன்று வடபுலத்திலிருந்து வந்த இளைஞர்களின் இந்தியும் ஒடியாவும் சேர்ந்துள்ளன. என் மாணவர் தொடக்கத்தில் “மேல் நீர்க்குழாய்”, “டீசல் திரும்பும் குழாய்” என்று அழகிய தமிழில் ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டினார். உடன் வேலை செய்த கன்னட இளைஞருக்கு அது வெறும் கோலம். டீசல் வரும் குழாயையும் திரும்பும் குழாயையும் அவர் ஒருநாள் மாற்றி மாட்டிவிட்டார். அன்று முதல் பெயரை விட்டு எண்ணைப் பிடித்தார்கள். 1, 2, 3 என்னும் இலக்கங்கள் எல்லார்க்கும் பொது. அவற்றோடு வண்ணமும் சேர்த்தார்கள்: நீர்க்குழாய்க்கு நீலம், டீசலுக்கு மஞ்சள், மின்சாரத்துக்குச் சிவப்பு. எழுத்தறியாதவரும் வண்ணம் அறிவார். எண்ணெய் பட்டு ஒட்டுத்தாள் உரிந்தாலும் வண்ணம் எஞ்சும்.

மூன்றாவது, போல்ட்டுகளைத் தகரத்தில் கொட்டுவதில்லை. ஓர் அட்டையில் எஞ்சினின் முகத்தை வரைந்து, போல்ட் இருந்த இடத்திலெல்லாம் துளையிட்டு, கழற்றிய போல்ட்டை அந்தந்தத் துளையில் செருகிவிடுவார். காரணம் உண்டு. எஞ்சினையும் கியர் பெட்டியையும் சேர்க்கும் போல்ட்டுகள் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், நீளம் வேறுபடும். குட்டை போல்ட்டின் இடத்தில் நெட்டையானதை முறுக்கினால், அது மூடிய துளையின் அடியைத் தொட்டு நிற்கும். இறுகிவிட்டது என்று கை சொல்லும். ஆனால் இரு பாகங்களும் இறுகியிரா. மேலும் முறுக்கினால் வார்ப்பிரும்பு வெடிக்கும். நெட்டையின் இடத்தில் குட்டையை இட்டாலோ, இரண்டு மூன்று புரிகளே பற்றி நிற்கும். பாரம் ஏறியதும் புரி அறுந்துவிடும். சில போல்ட்டுகளை, வாய்ப்பிருந்தால், கழற்றிய துளையிலேயே கையால் இரு சுற்றுத் திருகி விட்டுவிடுவார். போல்ட்டுக்கு அதனினும் பாதுகாப்பான பெட்டி வேறில்லை.

நான்காவது, திறந்த வாயை மூடுதல். குழாயைக் கழற்றியதும் அத்துளையில் தூசி புகாமல் துணியால் அடைப்பார்கள். அடைத்த துணிகளை எண்ணி எழுதி வைப்பார்கள். அறுவை மருத்துவர் பஞ்சுகளை எண்ணுவது போல. காற்று புகும் வழியில் ஒரு துணி தங்கிவிட்டால் புதிய எஞ்சின் முதல் மூச்சிலேயே திணறிப்போகும்.

ஐந்தாவது, எஞ்சின் மாற்றுவதற்கே உரிய விதி: பழைய எஞ்சினையும் புதிய எஞ்சினையும் அருகருகே நிறுத்தி ஒப்பிடுதல். வரும் எஞ்சின் பெரும்பாலும் மொட்டையாக வரும். ஸ்டார்ட்டர், மின்னாக்கி, தாங்கிகள், உணர்கருவிகள் ஆகியவற்றைப் பழையதிலிருந்து எடுத்துப் புதியதில் பொருத்த வேண்டும். எது இதிலிருந்து அதற்குப் போயிற்று, எது அங்கேயே நின்றது என்பதைக் குறித்துக்கொள்வார். புதிய எஞ்சின் ஓடி, வண்டி ஒரு நாள் பாரத்தோடு சென்று வரும்வரை பழையதைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்புவதில்லை. சந்தேகம் வந்தால் விடை கேட்கத்தக்க ஆசிரியர் அந்தப் பழைய எஞ்சின்தான்.

ஆறாவது, எல்லாவற்றுக்கும் சிகரமாக, ஒரு நோட்டுப் புத்தகம். கழற்றிய வரிசையில் எண்கள் மேலிருந்து கீழாக. பூட்டும்பொழுது கீழிருந்து மேலாக. பூட்டியவர் ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே கோடிடுவார். அவர் கோடிட்டதை மற்றொருவர் தொட்டுப் பார்த்து இரண்டாவது கோடிடுவார். இடையில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், யார் ஊருக்குப் போனாலும், வேலை ஊருக்குப் போவதில்லை. இதனை அவர் சொன்னபொழுது அந்த மண்ணெண்ணெய்த் தகரம் என் கண்முன் வந்து நின்றது.

இவ்வளவும் எதற்கு, பாகங்கள் எல்லாம் ஒரே அளவில் செய்யப்பட்டவைதாமே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. 1908-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு சோதனை நடந்தது. காடிலாக் என்னும் அமெரிக்கக் கார்கள் மூன்றை முழுதும் கழற்றி, பாகங்களை ஒன்றோடொன்று கலந்து, அக்குவியலிலிருந்து மீண்டும் மூன்று கார்களாகப் பூட்டினார்கள். அவை புரூக்லண்ட்ஸ் ஓட்டத்திடலில் 500 மைல் தூரம் பழுதின்றி ஓடின. பாகங்கள் ஒன்றுக்கொன்று மாற்றத்தக்கவையாக அமையலாம் என்பதை உலகம் அன்று கண்டது. உண்மைதான். ஆனால் அவை புதிய பாகங்கள். ஆண்டுக்கணக்கில் ஓடிய எஞ்சினில் ஒவ்வொரு பாகமும் தன் துணைக்கு ஏற்பத் தேய்ந்திருக்கும். பிஸ்டன் தன் சிலிண்டருக்கு ஏற்பவும், பேரிங் மூடி தன் இருக்கைக்கு ஏற்பவும் பழகிவிட்டவை. அவற்றை இடம் மாற்றினால் பழைய உறவு கெடும். அளவு ஒன்றாயினும் இடம் ஒன்றன்று.

பட்டறையில் மட்டும்தான் இப்பிழை நேரும் என்று எண்ணற்க. கற்றவரும் கருவியும் கணினியும் நிறைந்த இடத்திலும் நேர்ந்துள்ளது. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் நாள், ஏர் டிரான்ஸாட் என்னும் கனடிய நிறுவனத்தின் விமானம் டொரண்டோ நகரிலிருந்து லிஸ்பனுக்குப் புறப்பட்டது. அதில் இருந்தவர் 306 பேர். சில நாள்களுக்கு முன்னர்தான் அதன் வலப்புற எஞ்சினை மாற்றியிருந்தார்கள். மாற்றாக வந்தது அதே வகை எஞ்சின். ஆயினும் சற்றுப் பழைய அமைப்புடையது. கழற்றிய எஞ்சினின் பாகமும் வந்த எஞ்சினின் பாகமும் ஒருங்கே சேர்ந்தபொழுது, எரிபொருள் குழாய்க்கும் ஹைட்ராலிக் குழாய்க்கும் இடையே இருக்கவேண்டிய இடைவெளி போதாமற் போயிற்று. குறைவு சில மில்லிமீட்டர் அளவே. வேலையின் தலைவருக்கு ஐயம் எழுந்தது. அதனைத் தீர்க்கும் அறிக்கை அவ்வேளையில் அவருக்குக் கிட்டவில்லை. விமானத்தை உரிய நாளில் அனுப்பவேண்டிய நெருக்கடியும் இருந்தது.

அக்குழாய்கள் இரண்டும் உராய்ந்தன. அட்லாண்டிக் பெருங்கடலின்மேல் எரிபொருள் குழாய் கிழிந்தது. எரிபொருள் கசிவதை உணராமல், இருபக்கத் தொட்டிகளின் அளவை ஒப்பாக்க விமானிகள் வழி திறந்துவிட்டமையால், மறுபக்கத்து எரிபொருளும் வீணாயிற்று. இரு எஞ்சின்களும் அடுத்தடுத்து நின்றன. அப்பெரிய விமானம் ஏறத்தாழ 19 நிமிடம் எஞ்சினின்றி மிதந்து வந்து, அசோர்ஸ் தீவுகளில் ஒன்றிலுள்ள லாஜெஸ் விமானத்தளத்தில் இறங்கியது. ஓர் உயிரும் போகவில்லை. விமானியின் திறமை காத்தது. மேலுமலையில் எங்களைக் காத்த ஓட்டுநரை நான் நினைக்கிறேன். ஆனால், மாணவர்களே, பூட்டியவரின் மறதியை எப்பொழுதும் ஓட்டுபவரின் திறமை ஈடுசெய்யும் என்று நம்பி வாழ முடியுமா?

மற்றொன்றும் சுருங்கச் சொல்வேன். 1990-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்றின் முன்கண்ணாடி பறக்கும்பொழுதே பிய்த்துக்கொண்டு போயிற்று. தலைமை விமானியின் உடல் பாதி வெளியே இழுக்கப்பட்டது. உடனிருந்தவர்கள் அவரைப் பற்றிக்கொண்டு காத்தார்கள். புதிதாகப் பொருத்திய கண்ணாடியின் 90 போல்ட்டுகளில் 84 போல்ட்டுகள் உரிய பருமனுக்கு ஓர் அங்குலத்தின் 0.026 பங்கு குறைந்தவை. பாகத்தின் எண்ணைப் பார்க்காமல், பழைய போல்ட்டோடு கண்ணளவில் ஒப்பிட்டு எடுத்ததால் வந்த வினை. கண் நல்ல வேலையாள். ஆனால் அதற்கும் ஒரு மேற்பார்வையாளர் வேண்டும். எண்ணும் அளவுகோலுமே அந்த மேற்பார்வையாளர்.

தொழிற்சாலைகள் இத்துறையில் கண்ட ஓர் எளிய உபாயத்தைக் கூறுவேன். 1961-ஆம் ஆண்டு ஜப்பானில் ஷிகியோ ஷிங்கோ என்னும் பொறியியலறிஞர் ஒரு மின்சாமான் தொழிற்சாலைக்குச் சென்றார். அங்கே ஒரு சிறு சுவிட்சுக்குள் இரண்டு சுருள்வில்களை வைக்க வேண்டும். தொழிலாளர் சில வேளை ஒன்றை மறந்துவிடுவார்கள். கவனமாயிரு, கவனமாயிரு என்று மேலதிகாரிகள் சொல்லிச் சலித்தார்கள். ஷிங்கோ அவ்வாறு சொல்லவில்லை. வேலையைத் தொடங்குமுன் இரண்டு வில்களைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒரு சிறு தட்டில் வைக்கச் செய்தார். சுவிட்சை மூடிய பின் தட்டில் ஒரு வில் நின்றால் பிழை கண்முன் தெரியும். அவ்வளவுதான். மனிதன் மறப்பான் என்பதை ஒப்புக்கொண்டு, மறதி தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும்படி வேலையை அமைத்தார். இவ்வாறு தரத்தைப் பேணும் முறைகள் நம் ஊரிலும் வேரூன்றின. தர மேலாண்மைக்காக ஜப்பானில் வழங்கப்படும் டெமிங் பரிசினை ஓசூரிலுள்ள டி.வி.எஸ். மோட்டார் நிறுவனம் 2002-ஆம் ஆண்டில் பெற்றது.

தகரக் கூரைப் பட்டறையின் அட்டையும் ஜப்பானியத் தட்டும் ஒரே கருத்தின் இரு வடிவங்கள் அல்லவா? அட்டையில் ஒரு போல்ட் நின்றால் வேலை முடியவில்லை என்று பொருள். தகரத்தில் கிடந்த போல்ட் எதையும் சொல்லாது. பொருளுக்குரிய இடத்தை நாம் ஏற்படுத்தினால்தான் அதன் இன்மையும் எச்சமும் நமக்குத் தெரியும்.

நம் முன்னோர் ஏடு எழுதியபொழுதும் இதனைக் கைக்கொண்டார்கள். ஓலைகளைக் கயிற்றில் கோத்ததோடு நில்லாமல், ஓலையின் ஓரத்தில் எண்ணும் இட்டார்கள். கயிறு அறுந்தாலும் எண் நிற்கும். எண் சிதைந்த சுவடிகளும், இதழ் மாறிக் கலந்த சுவடிகளும் பதிப்பாசிரியர்களுக்கு எவ்வளவு துன்பம் தந்தன என்பதைத் தமிழ் பயிலும் மாணவர் அறிவர். ஏட்டைக் கழற்றியவர் ஒருவர். காலங்கடந்து கோப்பவர் மற்றொருவர். இடையே பேசும் மொழி அந்தச் சிறு எண்.

அரசும் எண்ணைப் போற்றுகிறது. எஞ்சினின் உடலில் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும்; அது வண்டியின் பதிவுச் சான்றிலும் இருக்கும். எஞ்சினை மாற்றினால் பதிவு அதிகாரியின் ஒப்புதல் பெற்றுச் சான்றிலும் அதனை மாற்றிக்கொள்ள வேண்டும். போல்ட்டில் தொடங்கிய கணக்கு அங்கேதான் முடிகிறது. அக்கணக்கை முடிக்காதவர் எஞ்சினை முழுதும் மாற்றியவர் ஆகார்.

மாணவ நண்பர்களே, உங்களுள் எல்லாரும் எஞ்சின் மாற்றப் போவதில்லை. ஆயினும் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒன்றைக் கழற்றப் போகிறீர்கள். ஆய்வுக்கூடத்தில் ஒரு மின்சுற்றைக் கழற்றுவீர்கள். அலுவலகத்தில் ஒரு கோப்பைப் பிரிப்பீர்கள். மருத்துவமனையில் ஒரு நோயாளியின் பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைப்பீர்கள். அப்பொழுதெல்லாம் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள்: கழற்றும் நீங்களே பூட்டுவீர்கள் என்பது உறுதியில்லை. நாளை அங்கு வந்து நிற்பவர் உங்கள் முகம் அறியாதவராக இருக்கலாம். உங்கள் மொழி அறியாதவராகவும் இருக்கலாம். அவருக்காகக் குறி இடுங்கள். நாளை வரப்போகும் உங்களுக்காகவும் இடுங்கள். ஏனெனில் ஒரு வாரம் கழிந்த பின் நாமே நமக்கு அயலார்.

இன்று மாலை வீட்டில் ஒரு பழைய மிதிவண்டி மணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளை விரியுங்கள். கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் வரிசையாக வைத்து, அடியில் எண் எழுதுங்கள். பின்னர் அத்தாளைத் தம்பியிடமோ தங்கையிடமோ கொடுத்து, நீங்கள் வாய் திறவாமல் இருக்க, அவர்களைப் பூட்டச் சொல்லுங்கள். மணி ஒலித்தால் உங்கள் குறிப்பு தேர்வில் வென்றது. ஒலிக்காவிட்டால் தம்பியைக் கடிந்துகொள்ளாதீர்கள், குறிப்பைத் திருத்துங்கள்.

அந்தச் செப்புப் பட்டை இன்றும் என் மேசைமேல் இருக்கிறது. புதிதொன்று வாங்கி வண்டியில் பொருத்திய பின்னர், பழையதை நான் கேட்டு வாங்கி வந்தேன். ஒரு சாண் நீளந்தான். இளமையில் திருகாணியை ஒளித்து வைத்தேனே, அதுபோல் இழுப்பறைக்குள் இதனை வைக்கவில்லை. நாள்தோறும் கண்ணில் படும் இடத்தில் வைத்திருக்கிறேன்.